என்ஜின் நாடி: காரில் எழும் டிக்டிக் ஒலி பற்றிய எண்வகைத் தேர்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கார் என்ஜினில் எழும் டிக்டிக் ஒலியின் பிறப்பும் வகையும் தீர்வும் உணர்த்துதல் நுதலிற்று. உலகியலுக்கு இதனால் பயன் என்னை எனின், டேப்பட் அட்ஜஸ்ட் செய்தால் போகிற சத்தத்துக்கு என்ஜினை இறக்கிப் போர் வேலை பார்க்காமல் இருத்தல்.

இத்துறையில் முன்னோர் ஆய்வு இல்லாமல் இல்லை. இருப்பதெல்லாம் வாய்மொழி மரபு. அதில் முதலாவது மச்சான் மரபு. இம்மரபினர் சத்தத்தைக் கேட்பதில்லை. சத்தம் கேட்கிறது என்ற செய்தியைத் தொலைபேசியில் கேட்பார்கள். “பேரிங் போயிருக்கும் மாப்ள, வித்துரு” என்பது இவர்களின் ஒரே சூத்திரம். இரண்டாவது டிரைவர் மரபு. இவர்களுக்கு எந்தச் சத்தமும் டேப்பட்தான், எந்த டேப்பட்டும் பழக்கம்தான்: “பத்து வருசமா அப்படித்தான் சார் அடிக்குது, ஓடலையா?” மூன்றாவது மேஸ்திரி மரபு. மேஸ்திரி பானெட்டைத் திறப்பார். கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். “ரைஸ் பண்ணுங்க” என்பார். “விடுங்க” என்பார். மறுபடி “ரைஸ் பண்ணுங்க” என்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் டீ வரட்டும் என்று காத்திருப்பார். மூன்றில் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்கும் வழக்கம் இம்மரபுக்கு மட்டுமே உண்டு என்பதால், அறிவியல் என்ற சொல்லை இதற்கு மட்டும் வழங்குகிறோம்.

மேஸ்திரி மரபுக்கு ஏடு கிடையாது. அக்குறையைத் தீர்க்கச் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை இங்கே கடன் வாங்கியிருக்கிறோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று நோயறிய எட்டு வழிகளை வைத்திருக்கிறது அந்த மருத்துவம். எட்டும் காருக்குப் பொருந்துமா என்ற ஐயம் இவ்வாய்வின் தொடக்கத்தில் எமக்கும் இருந்தது. பொருந்துகிறது, சில இடங்களில் மனிதருக்குப் பொருந்துவதைவிட நன்றாகவே.

முதலில் நாடி. வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்பது நாடி நூலாரின் அளவு. ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் தட்டுப்பட வேண்டும். இனி பானெட்டைத் திறக்க. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங் ஒரு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் அரைச் சுற்றுத்தான் சுற்றும். இழுத்து, அழுத்தி, எரித்து, வெளித்தள்ள கிராங்குக்கு இரண்டு சுற்று வேண்டும், வால்வுகளுக்கோ அதற்குள் ஒருமுறை திறந்து மூடினால் போதும். ஆக, கிராங் ஒன்று, கேம் அரை. கால் எங்கே? டாப் கியரில் ஓடும் காரில் என்ஜின் ஏறத்தாழ நான்கு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும் குறையும். நாடி மட்டும் ஆளுக்கு ஆள் மாறாமலா இருக்கிறது? கிராங் வாதம், கேம் பித்தம், சக்கரம் கபம். இவ்வாய்வின் கருதுகோள் இதுவே. பட்டம் கொடுப்பதாக இருந்தால் இங்கேயே கொடுத்துவிடலாம், மீதியெல்லாம் விளக்கம்.

கருதுகோளுக்குப் பயன் உண்டா என்றால், உண்டு. வண்டி நின்று என்ஜின் மட்டும் ஸ்லோவில் ஓடுகிறது, நிமிடத்துக்கு 800 சுற்று என்று கொள்வோம். கிராங்கோடு சேர்ந்த கோளாறு நொடிக்குப் பதின்மூன்று தடவை அடிக்கும். ஒரே ஒரு வால்வின் கோளாறு நொடிக்கு ஆறேழு தடவை. சக்கரத்தின் கோளாறு அடிக்கவே அடிக்காது. நின்ற வண்டியில் கபம் இல்லை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்திருந்தால் டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லிக்காக ஹெட்டைக் கழற்றும் விபரீதம் நேராது. மணிக்கு 40 கிலோமீட்டரில் சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஆறு சுற்றுச் சுற்றுகிறது. ஸ்லோவில் அடிக்கும் டேப்பட்டும் நொடிக்கு ஆறேழுதான். மச்சான் மரபினர் வழுக்கி விழும் இடம் இது. ஓடும்போது கிளச்சை மிதித்துவிட்டுக் கேட்க: என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் இறங்காவிட்டால் அது கபம். இறங்கி நின்று திருப்புளி முனையால் ஜல்லியை நெம்பி எடுக்கவும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் டக்டக் என்றால் அதுவும் சக்கரப் பக்கம்தான், ஆனால் ஜல்லி அல்ல, ஆக்சில் ஜாயின்ட், அது செலவு.

அஃதேல், நொடிக்குப் பதின்மூன்றை எவர் காது எண்ணும் எனின், எண்ணாது. கைப்பேசியில் சத்தத்தைப் பதிந்து கால் வேகத்தில் ஓடவிட்டால் பித்தம் நொடிக்கு ஒன்றரையும் சொச்சமுமாகவும் வாதம் மூன்றும் சொச்சமுமாகவும் வந்து நிற்கும். விரல் விட்டே எண்ணலாம். மேஸ்திரி எண்ணுவதில்லை. காதில் விழுந்ததும் சொல்லிவிடுகிறார். அவருடைய காது எந்த வேகத்தில் பதிகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்து மொழி. நோயாளியின் குரலைக் கேட்பது. உரிமையாளர்கள் வாயால் செய்துகாட்டும் ஒலிகளை நம்ப முடியாது. அச்சத்தின் அளவுக்கேற்ப டிக் டக் ஆகிறது, டக் டொக் ஆகிறது. பட்டறை வழக்கில் இவை மூன்றும் மூன்று நோய். மெல்லிய உலோகம் மேலே தட்டினால் டிக், அது ஹெட் பக்கம். கனமான ஒன்று அடிவயிற்றிலிருந்து இடித்தால் டொக், அது பிக் எண்ட் பேரிங். இடைப்பட்ட டக் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அதைப் பற்றி மேஸ்திரி கருத்துச் சொல்ல மாட்டார்.

கருவி வேண்டும். 1816-இல் பாரிசில் லெனெக் என்னும் மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் காது வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம் பட்டறைகளில் கூச்சமும் இல்லை, காகிதமும் இல்லை. முக்கால் முழ நீளத் திருப்புளி உண்டு. அதன் முனையை வால்வு கவரின் மேலோ இன்ஜெக்டரின் மேலோ ஊன்றி, பிடியைக் காது மடலுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால், அந்த இடத்துச் சத்தம் மட்டும் மண்டைக்குள் வந்து பேசும். ஒரு சாண் தள்ளி வைத்தால் பேச்சு மாறும். நகர்த்தி நகர்த்திப் பெரிதாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபேன் பெல்ட் பக்கம் குனியும்போது தோளில் துண்டு போட்டிருக்கக் கூடாது.

இதற்கு மேல் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, அதற்கு வேலை இல்லாமல் செய்து கேட்பது. எரிப்பு நின்றதும் டொக் சட்டென்று அடங்கினால் அந்தச் சிலிண்டரின் பேரிங்குக்குத்தான் நோவு: பாரம் ஏறினால்தான் அது கத்தும். எதைக் கழற்றினாலும் டிக் கவலைப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அது டேப்பட். அதற்கு எரிப்பைப் பற்றி அக்கறை இல்லை. டொக் என்று முடிவானால் ஆய்வை அங்கேயே நிறுத்தி என்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். “ஷெட் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்” என்பவர்களின் கனெக்டிங் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. கட்டி இழுத்து வருவதே முறை.

இனிப் பித்தம். கட்டுரையின் நடுப்பகுதி இதுவே, ஏனெனில் டிக்கில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பித்தத்தின் இலக்கணத்தைக் கற்க அம்பாசிடரைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. 1957-இல் தொடங்கி 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோன அந்த வண்டியில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பெட்ரோல் என்ஜின்: கீழே கேம், மேலே ராக்கர், நடுவே புஷ் ராடு. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சூட்டில் உலோகம் நீளும், அதற்கான இடம் அது. இடைவெளி இருக்கும் இடத்தில் தட்டல் இருக்கும். ஆகவே அம்பாசிடரின் டிக் நோய் அன்று, குடிப்பிறப்பு.

அதை அளந்து வைக்கும் டேப்பட் அட்ஜஸ்ட் முறை எண்ணி மகிழத்தக்கது. வால்வுகள் எட்டு. முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டு வரை எண். ஏதேனும் ஒரு வால்வு முழுக்க அமுங்கித் திறந்து நிற்கும்போது, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற எண்ணுள்ள வால்வு முழுக்க மூடி ஓய்வில் இருக்கும். எட்டாவது அமுங்கினால் ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய். ஆறாவது அமுங்கினால் மூன்றாவதை. எண்கணித ஜோதிடர்கள் ஒன்பதாம் எண்ணின் மகிமையை இந்தத் திசையில் ஏன் தேடவில்லை என்பது விளங்கவில்லை. லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் ஸ்க்ரூவைத் திருகி, ஃபீலர் கேஜை நுழைத்து இழுத்தால், தகடு சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. விரலில் மெல்லிய இழுவை தெரிய வேண்டும். அந்த இழுவையைப் பிடித்தபடியே நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும் என்பதால் மறுபடி அளக்க வேண்டும். பழைய மேஸ்திரிகள் பையனுக்கு முதல் ஆறு மாதம் கற்றுக்கொடுத்தது இந்த இழுவையைத்தான்.

சரியாக 15 தௌ வைத்த பிறகும் டிக் போகவில்லையே என்பார் ஒரு சாரார். ராக்கரின் மூக்கில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க. தேய்ந்து குழிந்த இடத்தின் மேல் தகடு பாலம் போல் படுத்துக்கொள்ளும். தகடு சொல்வது ஒரு கணக்கு, குழிக்குள் உள்ளது வேறு கணக்கு. கேஜ் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.

அப்படியானால் இடைவெளியையே குறைத்து டிக்கை ஒழித்தால் என்ன என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் உரிமையாளர் கேட்கிறார். கேட்டவுடன் பட்டறையில் இருக்கிற மூத்தவர் யாராவது ஒருவர், “சத்தம் போடற டேப்பட் வால்வை எரிக்காது சார்” என்பார். இத்துறையின் ஆகச் சிறந்த வாக்கியம் இது என்பது எம் கணிப்பு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, மூடி சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். இடைவெளி போய்விட்டால் அது முழுக்க மூடாது, சூடு இறங்காது, ஓரம் கருகி, கம்ப்ரஷன் போகும். கேஸில் ஓட மாற்றிய பழைய பெட்ரோல் வண்டிகளில் இது நிதானமாக நடக்கும். வால்வு சீட் தேயத் தேய வால்வு உள்ளே ஏறுகிறது, இடைவெளி தானே சுருங்குகிறது, என்ஜின் மாதாமாதம் அமைதியாகிறது. உரிமையாளர் “கேஸ் போட்டதுல இருந்து என்ஜின் பஞ்சு மாதிரி இருக்கு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலை மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு எழுந்திருக்கும்.

இடைவெளியே இல்லாமலும் வால்வு கருகாமலும் இருக்க ஒரு வழி பணக்காரர்களுக்கு முதலில் கிடைத்தது. 1930-இல் வந்த பதினாறு சிலிண்டர் கேடிலாக்கில் ஆயில் அழுத்தத்தால் தானே நீண்டு சுருங்கும் ஹைட்ராலிக் முறை வைத்தார்கள். அதன் வாரிசுகள் இன்று நம் ஊர் டீசல் கார்களிலும் உள்ளன. ஸ்விஃப்ட் முதல் பல வண்டிகளில் ஓடிய 1248 சிசி டீசல் என்ஜினில் டேப்பட் அட்ஜஸ்ட் என்ற வேலையே கிடையாது. ஃபீலர் கேஜைத் தூக்கிப் பெட்டியில் போட்டார்கள். டிக் மட்டும் போகவில்லை. அது முகவரி மாற்றிக்கொண்டது. இராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலேறும் வரை சில நொடி டிக்டிக், பிறகு அமைதி. அது சில நொடியாக இருக்கும்வரை விட்டுவிடலாம். நிமிடக்கணக்கில் நீண்டால் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது கறுத்துக் குழம்பாகியிருக்கிறது, அல்லது அந்தச் சின்ன உருளைக்குள் கசடு அடைத்திருக்கிறது.

நோய் மறைவுக் கோட்பாடு என்று உலகம் முழுவதும் நம்பப்படும் ஒன்றை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அடிக்கும் சத்தம் ஷெட்டுக்குப் போனால் அடிக்காது என்பது அக்கோட்பாடு. மேஸ்திரியைக் கண்டு கார் பயப்படுகிறது என்று பலரும், நம் ராசி அப்படி என்று சிலரும் உரை கூறுவர். அற்றன்று. வீட்டிலிருந்து ஷெட் வருவதற்குள் என்ஜின் சூடேறிவிடுகிறது. குளிர் டிக் வழியிலேயே தீர்ந்துபோகிறது. ஹைட்ராலிக் டிக்கும் அப்படி, மேனிஃபோல்டு பேக்கிங் ஒழுகும் டிக்கும் அப்படி. பின்னது கேட்பதற்கு அச்சு அசல் டேப்பட். ஒரு ஸ்டட் ஒடிந்தோ பேக்கிங் கருகியோ எக்ஸாஸ்ட் காற்று சிறு இடுக்கு வழியே பீறிடுகிறது. ஒரு சிலிண்டரிலிருந்து வருவதால் தாளமும் பித்தத் தாளமே. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்ததும் நின்றுவிடும். திருப்புளி இங்கே உதவாது, ஏனெனில் தட்டுவது இரும்பு அல்ல, காற்று. இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு போட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எண்வகைத் தேர்வில் மலம் என்று சொன்னது இந்தக் கரியை.

ஆகவே மேஸ்திரி, “சார், வண்டிய ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலைல நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்” என்றால் அதில் சூது இல்லை. “எதுக்குங்க, டீசல் கொஞ்சமாத்தான் இருக்கு” என்று உரிமையாளர் சொல்வதில்தான் கொஞ்சம் இருக்கிறது.

எஞ்சியவற்றை விரைவாகக் கடப்போம். நா என்பது டிப் ஸ்டிக். நோயாளி நாக்கை நீட்டுவதற்கும் இதற்கும் செயல் வேறுபாடு இல்லை. துடைத்து விட்டு மறுபடி நுழைத்து எடுத்தால்தான் உண்மை சொல்லும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனபின் டிக்கைப் பற்றி ஆராய்வது வீண், முதலில் ஊற்ற வேண்டும். நிறத்தைப் பெட்ரோல் வண்டியில் பார்க்கலாம், டீசலில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும் என்பதால் அது சாட்சியாகாது. மூத்திரம் என்பது காலையில் காருக்கடியில் தரையில் இருப்பது: பச்சையோ சிவப்போ ஆனால் கூலன்ட், கறுப்பானால் ஆயில், தெளிந்த நீரானால் ஏசி, கவலை வேண்டாம். சித்தர்கள் மூத்திரத்தில் எண்ணெய்த் துளி விட்டு, அது நீள்கிறதா, வளையமாகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து நோய் சொன்னார்கள், நெய்க்குறி. ஆயில் ஆய்வாளர்களும் மை உறிஞ்சும் தாளில் என்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விட்டு, நடுவில் கருவட்டம் கெட்டியாக நின்றுவிடுகிறதா, சீராகப் பரவுகிறதா என்று பார்க்கிறார்கள். எமது கருதுகோளை ஏற்காதவர்களும் இந்த ஒற்றுமையைக் கண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

விழி என்பது விளக்கு. நிமிடத்துக்கு 60-க்கு மேல் 120-க்குள், என்ஜினை என்ன ரைஸ் செய்தாலும் வேகம் மாறாத டிக் ஒன்று உண்டு. இண்டிகேட்டரை அணைத்தால் நின்றுவிடும்.

வகைக்குள் அடங்காதவை இரண்டு. ஒன்று, இன்ஜெக்டர் வால்வுகள் மின்காந்தத்தால் திறந்து மூடுவது. இதன் டிக் பிறவிக்குணம், புது வண்டியிலும் இருக்கும். மற்றது பெட்ரோல் ஆவியை உள்ளிழுக்கும் பர்ஜ் வால்வு. நினைத்தால் அடிக்கும், நினைத்தால் நிற்கும். கனெக்டரைப் பிடுங்கினால் வாய் மூடும். இவற்றுக்கு மருந்து கொடுப்பவரை மாற்றிவிட வேண்டும். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் கேட்கிற டிக்... டிக்... என்ஜினே ஓடாததால் ஆய்வுக்கு வெளியே. இருந்தாலும் இரக்கப்பட்டுச் சொல்கிறோம். ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அது திரும்பச் சுருங்குகிற சத்தம் அது.

ஸ்பரிசத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் தன் காருக்குத் தேவைப்படுவதில்லை. வாங்கப்போகும் பழைய காருக்குத்தான் தேவை. விற்பவர்கள் பித்தத்தை அடக்க இரண்டு வழி அறிவார்கள். ஒன்று, கெட்டி ஆயில். கம்பெனி சொன்ன மெல்லிய ஆயிலை இறக்கிவிட்டுக் கெட்டியானதை ஊற்றினால் சூடேறிய என்ஜினில் டிக் மந்தமாகும். காலைக் குளிரில் மட்டும் அது மேலேற நேரம் எடுத்து, முன்னைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். எனவே இரண்டாவது வழி, வாங்குபவர் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருத்தல். புரோக்கர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்குப் போக வேண்டும். வணக்கம் சொல்லிக்கொண்டே, பெயின்ட்டைப் பார்க்கிற பாவனையில், உள்ளங்கையை பானெட்டின் மேல் வைக்க வேண்டும். சில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுக்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் கேட்க வேண்டாம், அதுவே வரும்: “இப்பதான் சார், குடும்பத்தோட கோயிலுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்.” விலையை அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.